எல்லையோர மேடைகள் – 9: கள்ளன் வேடம் கட்டிய முதலாளி

சென்ற இதழில் தெருக்கூத்தின் கட்டியங்காரனைப் பார்த்தோம். திரௌபதி அம்மன் கோயில் திடலில் துரியோதனன் கிரீடமும் புஜக்கட்டையுமாக நிற்கும்போதே, அவனை எதிர்த்துக் கேள்வி கேட்கும் உரிமை கட்டியங்காரனுக்கு மட்டும்தான் உண்டு. இந்த இதழில் அவனுடைய உறவுக்காரன் ஒருவனைத் தேடிக் கூத்துத் திடலை விட்டுக் கம்பெனி நாடகக் கொட்டகைக்குப் போகிறோம். அதற்காக எல்லையைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

தமிழக–கர்நாடக எல்லையில் உள்ள ஜவளகிரியில் நாடகம் என்று பேச்செடுத்தால், எந்த மொழி நாடகம் என்று கேட்பது இயல்பு. தமிழும் கன்னடமும் தெலுங்கும் சேர்ந்து புழங்கும் வட்டாரம் இது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதி 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகுதான் ஆங்கிலேயர் கைக்கு வந்து சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தது. அதுவரை மைசூர் ராஜ்யம். 1956-ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது சென்னை மாநிலத்திலேயே தங்கியது. 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் ஆனது. நிர்வாகக் கணக்கில் இத்தனை கைமாறிய ஒரு பகுதியின் நாடக வரலாற்றைத் தமிழ் மேடை, கன்னட மேடை என்று இரண்டு தனிப் புத்தகங்களில் படித்தால் பாதிதான் கிடைக்கும். குப்பி வீரண்ணாவின் கதை அதற்குச் சரியான சான்று.

குப்பி என்பது துமகூரு மாவட்டத்தில் ஒரு சிற்றூர். ஓசூரிலிருந்து பெங்களூரு வழியாகப் போனால் சுமார் 130 கிலோமீட்டர். ஊர்த் தெய்வமான சென்னபசவேஸ்வரரின் பெயரில் 1884-ல் உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து அங்கே ஒரு நாடகக் குழு தொடங்கினார்கள். அது தொடங்கி ஏழு ஆண்டுகள் கழித்து, 1891-ல், அதே ஊரில் பிறந்தவர் வீரண்ணா. சிறுபையனாகவே அந்தக் குழுவில் வேடம் கட்டத் தொடங்கினார். பின்னாளில் அந்தக் குழுவுக்கே முதலாளி ஆனார். தென்னிந்தியாவின் மிகப் பெரிய நாடகக் கம்பெனிகளில் ஒன்றாக அதை வளர்த்தார். இவ்வளவுக்கும் அவர் ராஜபார்ட் எனப்படும் நாயக வேடக்காரர் அல்ல. சிரிக்க வைத்தே பெயர் வாங்கியவர்.

அந்த 1891-ஆம் ஆண்டைத் தமிழ் வாசகர்களும் நினைவில் வைக்கலாம். பல்லாரியிலிருந்து வழக்கறிஞர் கிருஷ்ணமாச்சாரியின் சரச விநோதினி சபை சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டது அந்த ஆண்டில்தான். அதைப் பார்த்த பம்மல் சம்பந்த முதலியார் என்ற பதினெட்டு வயது இளைஞர் மனம் மாறி, அதே ஆண்டு ஜூலையில் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். நவீனத் தமிழ் நாடகத்தின் தொடக்கம் என்று எல்லோரும் சொல்லும் நிகழ்ச்சிக்குப் பின்னால், கன்னட நாட்டு ஊரிலிருந்து வந்த ஒரு தெலுங்கு நாடகக் குழு இருக்கிறது.

கம்பெனி நாடகம் என்றால் என்ன என்று இளைய வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பம்பாயில் பார்சிக்காரர்கள் தொடங்கிய நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகப் பயணம் செய்தன. வண்ணம் தீட்டிய ஸீன்கள், மேலும் கீழும் உருளும் திரைகள், பளபளக்கும் ஜரிகை உடைகள், டிக்கெட் விற்பனை எல்லாம் அவர்களோடு வந்தவை. மைசூரிலும் தஞ்சாவூரிலும் மதுரையிலும் அதே பாணியில் கம்பெனிகள் முளைத்தன. ஓர் ஊருக்குப் போனால் கொட்டகை போட்டு வாரக்கணக்கில், வசூல் நன்றாக இருந்தால் மாதக்கணக்கில் தங்குவார்கள். நடிகர், ஹார்மோனியக்காரர், ஸீன் இழுப்பவர், தையற்காரர், சமையற்காரர், அவரவர் பெண்டு பிள்ளைகள் என்று நூறு பேருக்கு மேல் ஒரே குடும்பமாக நகரும். ஒரு நாள் நாடகம் நடக்காவிட்டாலும் மறுநாள் உலை வைக்க யோசிக்க வேண்டும்.

இந்த அமைப்பில் யார் என்ன வேடம் என்பது கிட்டத்தட்ட நிலையானது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன். ராஜபார்ட்டின் மூலதனம் குரல். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரை கேட்கும்படி உச்ச சுருதியில் பாட வேண்டும். ஒரே பாட்டை ரசிகர்கள் ‘ஒன்ஸ் மோர்’ கேட்டால் மூன்று முறை, நான்கு முறை பாடுவார்கள். கதை அதுவரை காத்திருக்கும். விடிய விடிய நடக்கும் அந்த நாடகங்களில், நள்ளிரவு தாண்டித் தரை டிக்கெட்டில் தலைகள் சாயத் தொடங்கும்போது கூட்டத்தை எழுப்பி உட்கார வைக்கும் பொறுப்பு நகைச்சுவை நடிகனுடையது.

அவனுக்கு எழுதிக் கொடுத்த வசனம் குறைவு. மேடை ஏறிய பிறகு அவன் பார்ப்பது எதிரே இருக்கும் முகங்களைத்தான். எந்தப் பக்கம் சிரிப்பு வருகிறது, எந்தப் பக்கம் அசைவே இல்லை, உள்ளூர் அதிகாரி முன்வரிசையில் இருக்கிறாரா, சந்தை நாள் கூட்டமா, திருவிழாக் கூட்டமா என்று கணக்குப் போட்டு அந்த நிமிடத்திலேயே பேச்சை மாற்ற வேண்டும். ராஜபார்ட் நடிகர் தன் குரலை அறிந்திருந்தால் போதும். நகைச்சுவை நடிகனுக்கு ஊரையே அறிந்தாக வேண்டிய கட்டாயம். வீரண்ணாவின் வாழ்க்கைக்குத் திறவுகோல் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. அவர் பெரிய முதலாளியாக ஆனதற்கு முதல் காரணம், பல ஆண்டுகள் கூட்டத்தைப் படித்துப் படித்துத் தேர்ந்த நகைச்சுவை நடிகராக இருந்ததுதான்.

அவருக்குப் பெரும் புகழ் தந்த வேடம் ‘சதாரமெ’ நாடகத்தின் கள்ளன். தமிழில் ‘சதாரம்’ என்ற பெயரில் நம் கம்பெனிகளும் சலிக்காமல் போட்ட அதே கதைதான். ஓர் அரசகுமாரன், அவன் காதலித்து மணந்த வணிகர் மகள், பிரிவு, ஆண் வேடம் பூண்டு அவள் படும் பாடுகள், கடைசியில் சேர்க்கை. கதைப்படி கள்ளன் இடையில் வந்து போகிறவன். நாயகியைக் கவர்ந்து போய், அவளுடைய புத்திசாலித்தனத்தால் ஏமாந்து நிற்பவன். ஆனால் மேடையில் நாடகமே அவனைச் சுற்றித்தான் நின்றது. பயமுறுத்த வந்தவன் தன் சாமர்த்தியத்தைப் பற்றித் தானே பெருமை பேசிக்கொண்டு, ஒரு பெண்ணின் சொல்லில் மயங்கி, படிப்படியாக முட்டாளாவதைக் காட்ட வேண்டும். கள்ளன் மீது கோபமும் வரவேண்டும், கொஞ்சம் இரக்கமும் வரவேண்டும். அதைச் செய்வது எளிதல்ல. தமிழ் மேடையிலும் கள்ளபார்ட் என்பது தனித் தகுதி. பிற்காலத்தில் திரைப்படங்களில் நடித்த டி.ஆர்.நடராஜனின் பெயருக்கு முன்னால் ‘கள்ளபார்ட்’ என்பது நிலைத்தே போனது. கன்னட நாட்டில் அந்த வேடத்துக்கு உரைகல் வீரண்ணா.

இந்த இடத்தில், ஓர் ஒப்பீட்டுக்காக, பிரான்சுக்கு ஒரு நடை போய்வருவது பயனுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பாரிஸ் மேடையில் நகைச்சுவைக்கு அரசராக இருந்தவர் கொன்ஸ்தான் கொக்லேன். 1841-ல் பூலோன் துறைமுகத்தில் ரொட்டிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். 1860-ல் பிரான்சின் அரசு நாடக அரங்கான கொமெடி பிரான்சேஸில், மோலியேர் நாடகத்து வேலைக்காரன் வேடத்தில் முதன்முதலாக மேடை ஏறினார். காதல் நாயகனுக்கான முகவெட்டு அவருக்கு இல்லை. அதனால் எஜமானரை ஏமாற்றும் தந்திரக்கார வேலைக்காரர் வேடங்கள் அவர் வசம் வந்தன. இரண்டே ஆண்டுகளில், அதே வகை வேலைக்காரனான ஃபிகரோவின் வேடம் கிடைத்தது. அடுத்த கால் நூற்றாண்டில் அந்த அரங்கின் தூண் ஆனார். பிறகு அதை விட்டு வெளியேறி, சொந்தமாகக் குழு சேர்த்துக்கொண்டு ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சுற்றினார். 1897 டிசம்பரில், தாம் பொறுப்பேற்றிருந்த போர்ட் சேன் மார்த்தேன் அரங்கில் ‘சிரனோ தெ பெர்ஜெராக்’ நாடகத்தில் பெரிய மூக்குக்காரக் கவிஞனாக நடித்தார். அந்த வேடத்தை அவர் கட்டியது நானூறு முறைக்கும் மேல்.

கொக்லேனுக்கும் வீரண்ணாவுக்கும் நேர்த் தொடர்பு ஏதுமில்லை. கொக்லேன் 1909-ல் இறந்தபோது வீரண்ணாவுக்கு வயது பதினெட்டு. ஆனால் இரண்டு வாழ்க்கைகளும் ஒரே பாதையில் போகின்றன: சாதாரணக் குடும்பம், சிறு வயதில் மேடை, நகைச்சுவை வேடம், மக்கள் செல்வாக்கு, பிறகு சொந்த அரங்கு, சொந்தக் கம்பெனி, அதன் சுமை முழுவதும் தன் தோளில். பாரிஸுக்கு வெளியே போன்-தோ-தாம் என்ற இடத்தில் வயதான நடிகர்களுக்காக ஓர் இல்லம் அமைத்தவர் கொக்லேன். புதிய நாடகம் ஒன்றுக்கு ஒத்திகை பார்த்துவந்த நாட்களில் அவர் உயிர் பிரிந்தது அங்கேதான். சிரிக்க வைக்கும் நடிகர்களுக்குச் சக கலைஞர்களின் வயிற்றைப் பற்றிய அக்கறை கூடுதலாக இருந்திருக்கிறது. நம் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. நாகர்கோவிலில் நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன், டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியில் சேர்ந்து, சம்பாதித்ததை எல்லாம் கொடுத்தே தீர்த்த கதை ஊரறிந்தது.

வீரண்ணாவிடம் திரும்புவோம். கம்பெனி அவர் பொறுப்புக்கு வந்தபின் அவர் செய்த மாற்றங்களில் இரண்டு முக்கியமானவை. முதலாவது, பெண் வேடங்களைப் பெண்களுக்கே கொடுத்தது. மீசை முளைக்காத பையன்கள் ஸ்திரீபார்ட் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், குப்பி கம்பெனியில் நடிகைகள் நிரந்தர உறுப்பினர்களாக இருந்தார்கள். வீரண்ணாவின் மனைவியரான சுந்தரம்மா, ஜெயம்மா இருவருமே மேடை நடிகைகள். ஜெயம்மா பின்னர் கன்னடத் திரையின் முதல் தலைமுறை நாயகிகளில் ஒருவரானார்.

இரண்டாவது, பிரம்மாண்டம். 1930-களில் அவர் மேடையேற்றிய ‘குருக்ஷேத்ரா’ இன்றும் கன்னட நாடக உலகில் பேசப்படும் நிகழ்ச்சி. போர்க்களக் காட்சிக்கு நிஜ யானைகளையும் குதிரைகளையும் தேர்களையும் கொண்டுவந்து நிறுத்தினார். ஆண்டுதோறும் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரிக் காட்டுக்கு யானைக் கூட்டம் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு, விளக்கு வெளிச்சமும் பேரிகைச் சத்தமும் ஆயிரக்கணக்கான ஜனமும் இருக்கும் இடத்தில் யானையை அமைதியாக நிற்க வைப்பது எத்தனை துணிச்சலான காரியம் என்று விளக்க வேண்டியதில்லை. தமிழ் மேடையில் இந்தப் பிரம்மாண்டத்துக்கு இணை சொல்ல வேண்டுமானால் நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் தேவி பால விநோத சங்கீத சபையைத்தான் சொல்ல முடியும்.

கம்பெனிக்கு நாடகம் எழுதிக் கொடுத்தவர்களில் பெள்ளாவெ நரஹரி சாஸ்திரி முக்கியமானவர். மைசூர் ராஜ்யத்துக்குள் மட்டும் கம்பெனி சுழலவில்லை. தெலுங்கு மாவட்டங்களிலும் சென்னையிலும் கொட்டகை போட்டது, தெலுங்கிலும் நடித்தது. மொழி மாறும் ஊர்களில் பாட்டும் ஸீனும் கைகொடுக்கும். நகைச்சுவைதான் முதலில் காலை வாரும். அந்தந்த ஊர்ப் பேச்சை உடனே பிடித்துக்கொள்ளும் நகைச்சுவை நடிகர் முதலாளியாகவும் இருந்ததால் குப்பி கம்பெனி அந்தச் சோதனைகளைத் தாண்டியது. ‘நாடகரத்னா’ என்ற பட்டம் இல்லாமல் வீரண்ணாவின் பெயரைக் கன்னட நாட்டில் யாரும் எழுதுவதில்லை.

சினிமா வந்தபோது பல நாடக முதலாளிகள் அதைப் பகையாகப் பார்த்தார்கள். வீரண்ணா அதற்குள்ளும் இறங்கினார். பேசாத படக் காலத்திலேயே பெங்களூரில் கூட்டாளிகளோடு கர்நாடகா பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் ‘ஹரி மாயா’ படத்தை இயக்கியவர் ஒய்.வி.ராவ். அதே ராவ்தான் பின்னர் 1937-ல் எம்.கே.தியாகராஜ பாகவதரை வைத்துத் தமிழில் ‘சிந்தாமணி’ எடுத்தார். 1931-ல் ராபேல் அல்கோயெட் என்ற பெல்ஜியக்காரர் இயக்கிய ‘ஹிஸ் லவ் அஃபேர்’ படத்தில் வீரண்ணாவும் ஜெயம்மாவும் நடித்தார்கள். கன்னடம் பேசத் தொடங்கிய உடனே, 1935-ல், ‘சதாரமெ’ படமானது. இயக்கியவர் ராஜா சந்திரசேகர், தமிழ் சினிமாவில் பின்னர் பெயர் வாங்கியவர். மேடையில் ஆயிரம் முகங்களைப் பார்த்துப் பழகிய கள்ளன் இப்போது கேமராவுக்கு முன்னால் நின்றான்.

கம்பெனியின் உண்மையான சொத்து அதில் வளர்ந்த ஆட்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘பர்மா ராணி’யிலும், ‘வால்மீகி’, ‘ஸ்ரீ முருகன்’ படங்களிலும் தமிழ் ரசிகர்கள் பார்த்த ஹொன்னப்ப பாகவதர் குப்பி கம்பெனியில் பாடி நடித்தவர். ‘ஆதி சங்கராச்சார்யா’ என்ற சமஸ்கிருதப் படத்தை 1983-ல் தந்த ஜி.வி.ஐயர் அங்கே சிறுவனாகச் சேர்ந்தவர். பி.வி.காரந்த் சின்ன வயதில் வீட்டை விட்டு ஓடி வந்து சேர்ந்த இடமும் அதுதான். பையனின் திறமையைக் கண்ட வீரண்ணா அவரை மேற்படிப்புக்காகக் காசிக்கு அனுப்பிவைத்தார். அந்தக் காரந்த் பின்னர் டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநராக உயர்ந்தார். ஒரு நடிகனைத் தக்கவைத்துக்கொள்வதே கம்பெனி முதலாளிகளுக்குப் பெரும்பாடு. இருந்தவனைப் படிக்க அனுப்பியவர் என்பதற்காகவே வீரண்ணாவை வணங்கலாம்.

சிங்காநல்லூர் புட்டசாமையா அந்தக் கம்பெனியின் பேர்பெற்ற நடிகர்களில் ஒருவர். அவருடைய மகன் முத்துராஜ், தந்தையோடு கம்பெனியில் திரிந்து வளர்ந்த பையன். குடும்பத்தின் ஊரான தொட்ட காஜனூர் இன்று ஈரோடு மாவட்டம் தாளவாடிப் பகுதியில் இருக்கிறது. 1956-ல் கொள்ளேகால் மைசூர் பக்கம் போனபோது தாளவாடி நம் பக்கம் நின்றுவிட்டது. அந்த முத்துராஜைத் தமிழர்களுக்கு ராஜ்குமார் என்று சொன்னால் தெரியும். 1954-ல் ஏ.வி.மெய்யப்பச் செட்டியாரோடு சேர்ந்து வீரண்ணாவின் நிறுவனம் தயாரித்த ‘பேடர கண்ணப்பா’ அவரை நாயகனாக்கியது. எச்.எல்.என்.சிம்ஹா இயக்கம், பண்டரிபாய் ஜோடி. நம் கண்ணப்ப நாயனார் கதை, சென்னையின் தயாரிப்பாளர், குப்பியின் நடிகர்கள். அதே படத்தில் அறிமுகமான இன்னொரு கம்பெனி நடிகர் டி.ஆர்.நரசிம்மராஜு, அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் கன்னடத் திரையின் தலையாய நகைச்சுவை நடிகராக இருந்தார். வீரண்ணாவின் நகைச்சுவை மரபு அவர் வழியாகத்தான் வெள்ளித்திரைக்குப் போனது.

1972-ல் வீரண்ணாவுக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே ஆண்டு அவர் காலமானார். ‘கலெயே காயக’ என்ற பெயரில் அவருடைய தன்வரலாறு கன்னடத்தில் இருக்கிறது. பெங்களூரு காந்திநகரில் அவர் பெயரில் அரங்கம் இருக்கிறது. கர்நாடக அரசு அவர் பெயரால் நாடகக் கலைஞர்களுக்கு விருது வழங்குகிறது. பேத்தி பி.ஜெயஸ்ரீ, கன்னட மேடையின் பெரும் நடிகை. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகவும் இருந்தார்.

தமிழில் வீரண்ணாவைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. நம் சினிமா வரலாறுகள் ‘சிந்தாமணி’யில் தொடங்கும் ஒய்.வி.ராவை அறியும், அதற்கு முன் பெங்களூரில் அவரை வைத்துப் படம் எடுத்த நாடக முதலாளியை அறியாது. ஹொன்னப்ப பாகவதரின் பாட்டை ரசிக்கும். அவர் வளர்ந்த கொட்டகையைச் சொல்லாது. இது ஒரு பெரிய குறை. மதராஸ் ஸ்டுடியோக்களில் நான்கு மொழிப் படங்களும் உருவான காலத்தின் வேர்கள், அதற்கு முன்பே நான்கு மொழி நிலங்களில் கொட்டகை போட்டுத் திரிந்த இந்தக் கம்பெனிகளில் இருக்கின்றன. தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளைப் படிக்கும் மாணவர், குப்பி வீரண்ணாவையும் சேர்த்துப் படித்தால்தான் படம் முழுமையாகும்.

கம்பெனி நாடகம் ஒரேயடியாகச் செத்துவிடவில்லை. பெங்களூரு ஊரகம், துமகூரு, மண்டியா கிராமங்களில் இன்றும் விவசாயிகளும் ஆலைத் தொழிலாளர்களும் கையிலிருந்து பணம் போட்டு, ஹார்மோனிய வாத்தியாரிடம் மாதக்கணக்கில் பாடம் கேட்டு, ஸீன் செட்டை வாடகைக்கு எடுத்துப் புராண நாடகம் போடுகிறார்கள். கர்ணன் வேடத்துக்கு ஒரு விலை, கிருஷ்ணன் வேடத்துக்கு ஒரு விலை. பகலில் இயந்திரத்தின் முன் நிற்பவர் இரவில் கிரீடம் வைத்துக்கொள்கிறார்.

ஜவளகிரி, தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வட்டார வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய நாடக நோட்டீஸ், கையால் எழுதிய பாட்டு நோட்டு, வேடம் கட்டிய தாத்தாவின் புகைப்படம் எது இருந்தாலும், எந்த மொழியில் இருந்தாலும், கரையான் அரிக்கும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்புறத்தில் ஊர்ப்பெயரையும் வேடத்தின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். எல்லையோர மேடையின் மிச்ச வரலாறு அவற்றில்தான் இருக்கிறது. அடுத்த இதழில், இந்தக் கம்பெனிகளுக்கெல்லாம் உயிர் கொடுத்த ஹார்மோனியக்காரர்களைப் பார்ப்போம்.